ஐம்பத்தைந்து கிலோ ஊக்கம்

புதிதாக உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சார், பசங்கள எப்படி இன்ஸ்பயர் பண்றது?" போன மாதம்கூட ஒரு தம்பி வீடு தேடி வந்து கேட்டார். புது டிராக் சூட், கழுத்தில் விசில், மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைக்கூட அது எண்ணிச் சொல்லுமாம். நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பார்.

இப்போது எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நீங்கள் அழுதாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

முப்பத்திரண்டு வருடம் விசில் ஊதியவன் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுப்பதுபோல் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. அடுப்பில் பாலை வைத்தால் அது பொங்கத்தான் செய்யும். அதைப் பொங்க வைத்தேன் என்று மார் தட்டிக்கொள்ள ஒரு ஆள் தேவையா? பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதுதான் வேலை. நமது தொழிலில் அதை மட்டும் யாரும் செய்வதில்லை. சுவரில் சிங்கம் வரைந்து பக்கத்தில் 'வெறி கொள்' என்று எழுதுகிறோம். காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் மலை உச்சிப் படம் போடுகிறோம். யாராவது பெரிய ஆட்டக்காரரைக் கூட்டி வந்து சால்வை போர்த்திப் பேச வைக்கிறோம். பிறகு கேன்டீனில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுகிறோம். நானும் செய்தேன். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு, உங்களுக்கு மானம் ரோஷம் இருந்தால் அந்த சிங்கத்தின்மேல் வெள்ளை அடித்துவிடுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் பின்பக்கம் இருந்தது எங்கள் பள்ளி. காலையில் வெள்ளைச் சட்டையில் வந்தால் மதியத்துக்குள் அது சாம்பல் நிறமாகிவிடும். இரும்பு உருட்டாலைகளின் புகையும் லாரிகளின் புழுதியும் மைதானத்தில் கறுப்பாகப் படிந்திருக்கும். பிள்ளைகளின் தாத்தாக்கள் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அப்பா அம்மாக்கள் கான்ட்ராக்டில் கம்பெனிக்குப் போகிறவர்கள். பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம், செருப்புகூட வேண்டாம் என்பதால் பெண்களுக்குக் கபடி அணி ஒன்று வைத்திருந்தோம். அரசாங்கத்துக்குப் பிடித்த விளையாட்டு அது. செலவில்லை.

அந்த அணியில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். இருவரும் பத்தாம் வகுப்பு. ஒருத்தி சுகந்தி. எதிர் அணியின் பக்கம் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போய், நாலு பேரைத் தொட்டுவிட்டு, கடையில் தீப்பெட்டி வாங்கி வருகிறவள் மாதிரி சாவகாசமாகத் திரும்பி வருவாள். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். இன்னொருத்தி ஸ்டெல்லா, அணித் தலைவி. கோட்டின் ஓரத்தில் கார்னரில் நின்று, வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பது அவள் வேலை. அவள் ஆடுவதை யாரும் பார்ப்பதில்லை. அவள் பிடித்த பிறகு விழுகிறவளைத்தான் பார்ப்பார்கள். அதிகம் பேசவும் மாட்டாள். எனக்கு அவளை அவ்வளவாகப் பிடிக்காது. கை தட்டச் சொன்னால் தட்ட மாட்டாள், உறுதிமொழி சொல்லச் சொன்னால் உதடு மட்டும் அசையும். இப்படிப்பட்ட பிள்ளைகளை நம்மவர்கள் 'ஆட்டிட்யூட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நானும் முடித்திருந்தேன்.

சுகந்திக்கு ஒரு அவசரம் இருந்தது. அவள் அம்மா ஒரு பேக்கிங் கம்பெனியில் முதல் ஷிப்ட். அப்பா இல்லை. "பத்தாவது முடிஞ்சா தையலுக்கு அனுப்பிடுவேன் சார், பதினெட்டு ஆனா கம்பெனில சொல்லி வச்சிக்கிறேன்" என்று அந்த அம்மா என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். விளையாட்டு விடுதி ஒன்றில் இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பன்னிரண்டாவது வரை கவலையில்லை. இல்லாவிட்டால் தையல் மிஷின். சுகந்திக்கு இருந்த வழி இந்த இரண்டுதான்.

அந்த வருடம் ஆவணி மாதம் எங்கள் பள்ளிக்கு ஒரு நட்சத்திரத்தைக் கூட்டி வந்தேன். சோழவரம் பக்கத்துப் பெண். மாநில அணிக்கு ஆடி, அதன் பலனாக அரசு வேலையும் வாங்கியவர். நல்ல மனுஷி, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சால்வை போர்த்தினோம். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். ஒருத்தி எழுந்து, "அக்கா, நீங்க வெயிட்டு எப்டி எறக்குவீங்க?" என்று கேட்டாள்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடுகிற போட்டியில், ஆட்டக்காரர் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. சின்னப் பிள்ளைகளைப் பெரிய உடம்புக்காரர்கள் நசுக்கிவிடக் கூடாதே என்று யாரோ நல்ல எண்ணத்தில் வைத்த விதி. நம் ஊரில் நல்ல எண்ணத்துக்கு என்ன கதி என்று தெரியாதா? வளர்கிற பிள்ளையின் எடையை வளர விடாமல் பிடித்து வைப்பதற்கு என்றே நம்மிடம் ஒரு தனிக் கலை உண்டு.

நட்சத்திரம் சிரித்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு நாளு பச்சத் தண்ணி பல்லுல படல. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கினு, ஜன்னல் எல்லாம் மூடிக்கினு பஸ்ல போனேன். வாயில புளிய ஒதுக்கிக்கினு, எச்சி ஊற ஊற வழியெல்லாம் துப்பிக்கினே போனேன். மிஷின்ல ஏறி நின்னா கரெக்டா அம்பத்தஞ்சி. அன்னிக்கி மட்டும் பதினாலு பாயிண்ட்டு!"

அரங்கம் அதிர்ந்தது. அவர் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். படிப்பை விடாதீர்கள் என்றார். காயம் பட்டால் மறைக்காதீர்கள், மாதவிடாய் நாளில் வலித்தால் ஆசிரியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள் என்றார். மனதில் ஒன்றும் நிற்கவில்லை. நின்றது புளி மட்டும்தான். பிள்ளைகளைக் குற்றம் சொல்லாதீர்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டியவன் நான்.

ஏன் தட்டினேன் தெரியுமா? என் வாத்தியாரும் அப்படித்தான். பயிற்சியின்போது தண்ணீர் கேட்டால், "தண்ணி குடிச்சா கால் கனக்கும்டா" என்று சொல்லிக் குடத்தைக் கவிழ்த்துவிடுவார். நாங்கள் நாக்கு வறண்டு ஓடுவோம். அவரைக் கடவுளாக நினைத்தோம். பிறகு நான் விசிலைக் கையில் எடுத்தபோது, அவர் எனக்குக் கற்றுக் கொடுத்த நூறு நல்ல விஷயத்தில் பத்துகூட நினைவில் இல்லை. கவிழ்த்த குடம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய முட்டாள்தனத்தை நான்தான் பத்திரமாகப் பாதுகாத்தேன், அவருக்கு எதற்குக் கெட்ட பெயர்?

கார்த்திகையில் பொன்னேரிப் பக்கம் ஒரு போட்டி வந்தது. ஐம்பத்தைந்து கிலோப் போட்டி. விடுதிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். எங்கள் பள்ளியில் எடை பார்க்கும் மிஷின் கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் பள்ளிக்கு எதிரே இருந்த பழைய இரும்புக் கடைக்கு அணியைக் கூட்டிப் போவேன். துரு பிடித்த கம்பியும் தகரமும் நிறுக்கிற அந்தத் தட்டில் ஒவ்வொருத்தியாக ஏறி நிற்பாள். கடைக்காரர் எண்ணை உரக்கச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். அப்போது எனக்கு அது ரொம்பச் சாமர்த்தியமாகப் பட்டது. ஊரில் எந்தப் பள்ளியிலும் இவ்வளவு சரியான தராசு கிடையாது என்று சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

சுகந்தி ஐம்பத்தேழரை இருந்தாள். போட்டிக்கு ஆறு நாள்.

நான் அவளைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் உண்மையாகவே சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அயோக்கியத்தனமாகவே சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது இதுதான்: "அந்த அக்கா எப்படி இறக்கினாங்கன்னு கேட்டீங்க இல்ல?" அவ்வளவே. நோட்டை மூடிவிட்டு நடந்துவிட்டேன். நேராக உத்தரவு போடத் துணிச்சல் இல்லாத கோழைக்கு முன்மாதிரி என்பது எவ்வளவு வசதி பாருங்கள். செய்தது அவள், சொன்னது நட்சத்திரம், நான் சும்மா பக்கத்தில் நின்றேன்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு உருட்டாலையின் மதில் இருந்தது. அதன் மறுபக்கம் இரும்பைக் காய்ச்சுகிற உலை. மழைக்காலத்தில் அந்தத் தெருக்காரர்கள் ஈரத் துணியை அந்தச் சுவரில் சாத்தி வைத்து உலர்த்துவார்கள், அவ்வளவு சூடு. எங்கள் பெண்களுக்கு ஜன்னல் மூடிய பஸ் எங்கே கிடைக்கும்? அந்தச் சுவரைக் கண்டுபிடித்தார்கள். சுகந்தி இரண்டு ஸ்வெட்டருக்குமேல் அவள் அம்மாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதிப்பாள். வாயில் புளி. காலையில் ஒரு மணி நேரம், பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். நான் அந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போவேன். பார்த்தேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். டீயுடன் ஒரு வடையும் சாப்பிட்டேன்.

போட்டியன்று காலை ஏழு மணிக்கு எடை பார்த்தார்கள். ஐம்பத்து நான்கு கிலோ தொள்ளாயிரம் கிராம். நான் துள்ளிக் குதித்தேன். அவளுக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு இட்லி சாப்பிட்டாள், அப்படியே வாந்தி எடுத்தாள். தண்ணீரும் நிற்கவில்லை. சுருங்கிப்போன வயிறு, எது போட்டாலும் வேண்டாம் என்றது. ஆட்டம் பதினொரு மணிக்கு.

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். "சார், சுகந்திய எறக்காதீங்க. கூப்ட்டா லேட்டா திரும்புறா. கண்ணு எங்கயோ கீது. பேஜாரா ஆயிடும் சார்."

"நீ கேப்டனா, டாக்டரா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த வேறு பள்ளி ஆசிரியர் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்டெல்லா சுகந்தியின் பக்கம் போய்விட்டாள்.

சுகந்தி முதல் தடவை பாடிப் போனாள், ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். ஐம்பத்தைந்து வயது ஆள், பதினைந்து வயதுப் பெண்ணிடம் ஜெயித்துவிட்டேனாம். இரண்டாம் தடவை வெறும் கையுடன் வந்தாள். மூன்றாம் தடவை போனபோது அவள் பாட்டு குழறியது. கபடி என்ற சொல்லே வாயில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எதிர் அணியில் ஒருத்தியைத் தொட்டாள். தொட்டவள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டாமா? திரும்பவில்லை. பக்கவாட்டில், பள்ளி விட்டு வீட்டுக்குப் போகிறவள் மாதிரி மெதுவாக நடந்தாள். எதிர் அணிப் பெண்களுக்கே பிடிக்கத் தோன்றவில்லை, அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டி நாலு அடி போய் மடங்கி விழுந்தாள்.

ஓடினோம். முகத்தில் தண்ணீர் அடித்தோம். கண் திறந்தாள். உட்கார்ந்தாள். "நா போறேன் சார்" என்றாள்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், உங்கள் எல்லோருக்கும் ஒரு நாள் இது வரும். நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். நான்கு நிமிடம் மீதி. பந்தலில் விடுதிக்காரர்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இப்போது எழுந்து போய் ஒரு நல்ல ரெய்டு எடுத்தால் விடுதி. எடுக்காவிட்டால் தையல் மிஷின். அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு, நான் அவளிடம் கேட்டேன், "முடியுமா?"

அந்த வயதில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்லும். அது தெரிந்தே கேட்கிறவன் கேள்வி கேட்கவில்லை, பழியை இறக்கி வைக்க இடம் தேடுகிறான். "முடியும் சார்" என்றாள் சுகந்தி. நான் நடுவரிடம் தயார் என்று கை காட்டினேன்.

அப்போது ஸ்டெல்லா நடுவரிடம் போனாள். "நாங்க ஆடல சார்" என்றாள்.

நடுவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன், நான் ஓய்வூதியம் வாங்குகிற கௌரவமான மனிதன். ஸ்டெல்லா மற்ற பெண்களைப் பார்த்து, "வாங்கடி, தூக்குங்க" என்றாள். ஐந்து பேரும் வந்தார்கள். சுகந்தி "உடுங்கடி, நா போறேன்" என்று முனகிக்கொண்டிருக்கும்போதே அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற ஆட்டோவை நோக்கிப் போனார்கள். நான் பின்னாலேயே ஓடி, "உன்னால எல்லார் வாழ்க்கையும் போச்சு, தெரியுதா?" என்றேன். ஸ்டெல்லா திரும்பினாள். "சார், அவ செருப்பு எங்க?" என்று கேட்டாள். அது பந்தலுக்குப் பின்னால் கிடந்தது. அவளே போய் எடுத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினாள்.

மைதானத்தில் நானும் நடுவரும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். எதிர் அணி ஜெயித்ததாக அவர் விசில் ஊதினார்.

ஆஸ்பத்திரியில் சுகந்திக்கு டிரிப்ஸ் ஏறியது. உடம்பில் நீர் வற்றிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கும் என்றார் டாக்டர். மதியத்துக்குமேல் அவள் அம்மா வந்தார். கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை, தலையில் அந்த வலைத் தொப்பி அப்படியே இருந்தது. மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நடந்ததை ஸ்டெல்லா சொன்னாள். சுவர், புளி, மழைக்கோட்டு எல்லாம். அந்த அம்மா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நடுவில் வயிற்றில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"நீங்க இன்னா வெயிட்டு சார்?"

"தொண்ணூத்தியொண்ணு" என்றேன். ஏன் சொன்னேனோ.

"கொஞ்சம் எறக்கலாமே சார்" என்றுவிட்டு மகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முப்பது வருடத்தில் எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். பயிற்சி முறை பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்த நிபுணரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை. இத்தனைக்கும் பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? நல்லவர்கள் நீங்கள். மறுநாள் தலைமையாசிரியை விளக்கம் கேட்டார். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் தெரியுமா? 'மாணவிக்கு ஏற்பட்ட திடீர் மயக்கத்தின்போது, அணித் தலைவி பொறுப்பாசிரியரின் அனுமதியின்றி அணியை வெளியேற்றியதால் பள்ளிக்கு அவப்பெயர் ஏற்பட்டது.' திடீர் மயக்கமாம்! ஆறு நாள் சுவரில் வெந்த மயக்கம். அந்தக் கடிதத்தின்மேல் ஸ்டெல்லாவை ஒரு வருடம் எந்தப் போட்டிக்கும் அனுப்பக் கூடாது என்று முடிவானது. அவள் வந்து எதுவும் கேட்கவில்லை. அதையும் நான் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

சுகந்தி ஒரு வாரத்தில் பள்ளிக்கு வந்துவிட்டாள். மாசியில் அதே விடுதிக்காரர்கள் திருவள்ளூரில் ஆள் எடுக்கும் தேர்வு ஒன்று வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு எடுக்கிறார்கள், எடை வரம்பு கிடையாது. எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்று விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்கே போனேன். சுகந்தியை வெளியே அழைத்தேன்.

"நா வர்ல சார்" என்றாள்.

"என்னம்மா பேசுற? உங்க அம்மா என்ன சொல்லியிருக்காங்கன்னு மறந்துபோச்சா?"

"தெரியும் சார். ஸ்டெல்லாவ அனுப்புனா வரேன். இல்லன்னா தையலுக்கே போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. "அவ என்ன பெரிய இவளா? உன் வாழ்க்கைய கெடுத்தவ அவ. நாலு நிமிஷம் பொறுத்திருந்தா அன்னைக்கே உனக்கு இடம் கிடைச்சிருக்கும்."

சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை. "நா உழுந்து எழுந்தப்போ உங்க மூஞ்சிய பாத்தேன் சார். நீங்க என்ன கேட்டுக்கினே போர்ட பாத்துகினு இருந்தீங்க, எவ்ளோ பாயிண்ட்டுன்னு. அவ மட்டும்தான் என்ன பாத்தா."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குள் போய்விட்டாள். நான் அந்த விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். மறுக்க ஏதாவது கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்த முயன்றேன். வரவில்லை. ஸ்கோர் மட்டும் வந்தது. இருபத்தொன்று, பத்தொன்பது. வெட்கமாக இருந்தது. அந்த வயதில் வருகிற வெட்கம் உடம்பெல்லாம் வலிக்கும்.

அன்று மதியமே இன்னொரு கடிதம் எழுதினேன். புளியையும் எழுதினேன், சுவரையும் எழுதினேன், நான் காட்டிய கட்டை விரலையும் எழுதினேன். அணித் தலைவி செய்தது நான் செய்திருக்க வேண்டியது என்றும் எழுதினேன். தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார்.

"ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷம்தான் இருக்கு. இத குடுத்தா நான் மேல அனுப்பியாகணும். மெமோ வரும். யோசிச்சீங்களா?"

"இது இருந்தாத்தானே மேடம் அந்தப் பொண்ணு மேல போட்ட தடைய எடுக்க முடியும்?"

"வேற மாதிரி எழுதலாமே. சூழ்நிலை காரணமா, அப்படி இப்படின்னு."

"அப்படி இப்படின்னு எழுதினதுதான் மேடம் போன லெட்டர்."

அவர் வாங்கிக்கொண்டார். ஸ்டெல்லாவின் தடை நீங்கியது. மெமோ வந்தது, பதில் எழுதினேன், பணிப் பதிவேட்டில் ஏறியது. இதைத் தியாகம் என்று நினைத்து நீங்கள் கண் கலங்க வேண்டாம். ஒரு பெண்ணைக் கிட்டத்தட்டக் கொன்றதற்கு ஒரு தாள், அது மலிவு விலை.

கடிதம் கொடுத்த மறுநாள் காலை மைதானத்தில் எல்லாப் பெண்களையும் நிற்க வைத்து, ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு. தலைமைப் பண்பு, தன்னலமின்மை என்று நல்ல நல்ல சொற்கள் அதில் இருந்தன. பழக்கம் விடுமா? மன்னிப்பிலும் மேடையைத் தேடுகிறவன் நான். பாதிப் பேச்சில் ஸ்டெல்லா, "செரி சார்" என்றாள். பிறகு சுகந்தியைப் பார்த்து, "காலைல இன்னா சாப்ட்ட?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"போயி சாப்ட்டு வா. அப்பறமா ஓடலாம்." சுகந்தி ஓடினாள். மற்றவர்கள் தாமாகவே சுற்ற ஆரம்பித்தார்கள். என் பேச்சின் மீதிப் பாதி இன்னும் என்னிடமே இருக்கிறது. வேண்டுமென்றால் உங்களில் யாராவது ஆண்டு விழாவுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

தேர்வுக்கு இருந்த அந்த ஒரு மாதம் பயிற்சி நடந்ததை நான் பார்த்தேன். நடத்தினேன் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஓட்டமும் ஆட்டமும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், விசிலும் என்னிடம்தான் இருந்தது. ஆனால் யார் இன்று சாப்பிடவில்லை, யாருக்கு வயிற்று வலி, யார் வீட்டில் நேற்று சண்டை, யார் வலியை மறைத்து ஓடுகிறாள் என்பதெல்லாம் ஸ்டெல்லாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் யாரையும் தட்டிக் கொடுத்ததில்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னாடி, கால்ல இன்னா?" என்பதுதான் அவளுடைய அதிகபட்சப் பேச்சு. அந்த ஒரு மாதத்தில் சுகந்தி ஆடிய ஆட்டம் மாதிரி அதற்கு முன் அவள் ஆடிப் பார்த்ததில்லை. எடை அறுபது.

திருவள்ளூருக்கு இருவரையும் நான்தான் கூட்டிப் போனேன். நாள் முழுக்கத் தேர்வு நடந்தது. சாயந்திரம் பட்டியல் ஒட்டினார்கள். சுகந்தியின் பெயர் இருந்தது. ஸ்டெல்லாவின் பெயர் இல்லை. உயரம் போதாதாம், வேகம் போதாதாம். ஓடுவதையும் தாண்டுவதையும் அளக்க அவர்களிடம் நாடா இருந்தது, கடிகாரம் இருந்தது. அதற்குமேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை. ஸ்டெல்லா பட்டியலை ஒரு முறை பார்த்தாள். "நீ உள்ள போய் ஃபாரம் எழுது, நா பைய பாத்துக்குறேன்" என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு, வெளியே வேப்ப மரத்தடியில் இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு எழுத்தர். சுகந்தி படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். பெயர், பிறந்த தேதி, பள்ளி, ஆடும் இடம். ஒரு வரியில் விரல் நின்றது.

"பயிற்சியாளர் பெயர்... எஸ். ஸ்டெல்லா, பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு. இன்னாம்மா இது? கோச்சு பேரு எழுதச் சொன்னா கூட்டாளி பேர எழுதி வச்சிக்கிற?"

"அவதான் சார்" என்றாள் சுகந்தி. என் பக்கம் திரும்பவில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டிராக் சூட், விசில், வயிறு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சின்னப் பொண்ணு, தெரியாம எழுதிட்டா. அத அடிச்சிட்டு உங்க பேர போட்டு கையெழுத்துப் போட்டுடுங்க சார்."

என் பேனா மூடி திறந்து கையில் தயாராகத்தான் இருந்தது. முப்பது வருடமாக அந்தக் கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதி வந்திருக்கிறேன்.

"அடிக்க வேணாம் சார். சரியாத்தான் எழுதியிருக்கா" என்றேன்.

"அப்ப நீங்க எங்க போடுவீங்க?"

படிவத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் கீழே, 'உடன் வந்த ஆசிரியர்' என்று ஒரு வரி இருந்தது. அதில் போட்டேன்.